கூட்டத்தில் ஒருவன்

சூடேறிய மடிக்கணினியின் பிளாஸ்டிக் மணம் என்னை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய வில்லரே பகுதியின் வீடியோக் கடைக்கு இழுத்துப்போகிறது. இப்போது அது பிள்ளைகள் காப்பகம். ஆயிரம் ஆட்களை வெயிலில் நடக்கவிட்டே பேரெடுத்த ஹொலிவூட் இயக்குநர் ஒருவரின் பழைய படங்கள் அந்தக் காலத்தில் அங்கே சனிக்கிழமைகளில் ஓடும். ஒருநாள், ஊரில் மகனைத் தொலைத்த பவளம் அன்ரி திரைக் கூட்டத்தில் ஒருவனைக் காட்டி, "இவன் என்ரை ரூபன் மாதிரி இல்லையோ?" என்று கேட்டா. படம் ரூபன் பிறக்க முன்னமே எடுத்தது என்று பெட்டியில் வாசித்திருந்தும், பத்து வயது மேதை நான், "ஓம் அன்ரி, அவரேதான்" என்றேன்.

பிறகு வாராவாரம் அதே கசெட்டை எடுத்துப்போய், அந்த இடத்திலேயே நிறுத்தித் திருப்பிக் கொடுத்தா.

"பின்னுக்குச் சுத்தித் தாங்கோவன் அன்ரி," என்று கடைக்கார அண்ணை சினந்தார்.

"மற்றாக்களும் பாக்கட்டும் தம்பி. ஆராவது இவனைக் கண்டிருப்பினம்."

அலுமாரிக்குப் பின்னால் நின்று வயிறு நோகச் சிரித்தேன். இன்று நகைச்சுவை எழுதிச் சீவிக்கிறேன். அந்தளவுக்கு எடுபட்ட பகிடி பிறகு ஒன்றும் வாய்க்கவில்லை.