மாட்டாத கீபோர்டு

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நடந்தது என் அக்கா வீட்டுக்காரருக்கு. அந்த ஃபைலை நானும் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அன்றைக்குப் பட்டப்பகல். மழை இல்லை, கரண்ட் போகவில்லை. பேய்க்கு வேண்டிய எந்த வசதியும் அந்தக் கடையில் இல்லை.

அத்தானுக்குப் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் வேலை. அவரிடம் பக்கத்து மருந்துக்கடை அம்மா ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். இறந்து ஆறு வருடம். வேலை இல்லாத நேரத்தில் அவர் கம்ப்யூட்டரில் பியானோ கீபோர்டை மாட்டி வாசித்து இசை அமைப்பாராம். மிச்சம் இருப்பது அந்த ஃப்ளாப்பியில் இருக்கும் ஒரே ஒரு மெட்டு.

"ஒரு கடையில போட்டுக் காட்டினாங்க தம்பி. மெட்டு அதேதான். ஆனா அவர் வாசிச்ச மாதிரியே இல்ல."

அத்தானுக்கு உடனே புரிந்தது. அது மிடி ஃபைல். அதில் சத்தமே இருக்காது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி வாசித்தார்கள் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதைப் படித்துச் சத்தம் எழுப்புவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சவுண்ட் கார்டு. கார்டு மாறினால் குரலும் மாறிவிடும். அந்த மனிதர் வைத்திருந்தது, அந்தக் காலத்திலேயே நல்லது வாங்க வக்கில்லாதவர்கள் வாங்கிய மலிவுக் கார்டு. அதில் பியானோ தகர டப்பா மாதிரி கேட்கும். வயலின் என்றால் கொசுதான். நாலு நாள் பழைய சாமான் கடைகளில் கிளறி, அதே ரகத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்தார் அத்தான்.

"வியாழக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். அதுக்குள்ள ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்," என்றார் அந்த அம்மா.

"போயிட்டு வரேன்னு சொல்லுங்கம்மா," என்று அதட்டினார் அத்தான்.

செவ்வாய்க்கிழமை கார்டை மாட்டினார். மெட்டு வந்தது. தகர டப்பா சத்தம்தான், ஆனால் அத்தான் இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். ரெக்கார்டிங்கும் வேலை செய்கிறதா பார்ப்போமே என்று இரண்டு விநாடி வெறுமனே பதிவு செய்தார். பழைய மெஷின் எந்த நேரத்தில் உறைந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எதைச் செய்தாலும் உடனே சேவ் பண்ணுவது அவர் கைப்பழக்கம். கை தன் பாட்டுக்கு அதே ஃபைல் மேல் அழுத்திவிட்டது.

மெட்டு இருந்த இடத்தில் இரண்டு விநாடி மௌனம். வேறு பிரதி கிடையாது. 'முதல்ல காப்பி எடு, அப்புறம் கை வை' என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஓதுகிற மனிதர். ஊருக்குத்தான் உபதேசம்!

புதன்கிழமை முழுக்க மீட்கப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. சாயங்காலம் அந்த அம்மாவிடமிருந்து ஃபோன்.

"ஆச்சா தம்பி?"

"கார்டு மக்கர் பண்ணுதும்மா. நீங்க வந்ததும் கேட்டுக்கலாம்."

"அப்படியா... சரி."

அந்தச் 'சரி' அவரைத் தூங்க விடவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஆபரேஷன். அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டே மேஜை முழுக்க ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அக்கா ஃபோன் பண்ணிச் சாப்பிட்டாரா என்று கேட்டதற்கு "ம்" என்றார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது.

3.50. அந்தப் பழைய கம்ப்யூட்டரை மறுபடி போட்டார். காதில் நின்றதை வைத்து மெட்டைத் தானே எழுதிவிடலாம் என்று ஒரு நப்பாசை. முதல் வரிக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

4.06. திரையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. ரெக்கார்டிங். அவர் அழுத்தவில்லை. மவுஸ் மேஜையின் அந்தக் கோடியில் கிடந்தது.

4.07. டங்.

ஒரே ஒரு கட்டை. தகர டப்பா பியானோ.

கார்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். வாசிக்கிற கீபோர்டு மாட்டும் துளை காலி. வயர்கூட இல்லை.

டங்... டங்...

கையை வைத்துத் துளையை மூடினார். சத்தம் நின்றது.

கையை எடுத்தார்.

டங்.

அப்புறம் அவர் கையை வைக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

4.09. மெட்டு தொடங்கியது. அதே மெட்டு. முதலிலிருந்து. திரையில் ஒவ்வொரு கட்டையாக விழுந்தது... மெதுவாக ஒன்று, அழுத்தி ஒன்று. யாரோ உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

4.10. கீழே இன்னொரு வரி ஓடத் தொடங்கியது.

வேறு கை. தயங்கித் தயங்கி... நடுவில் ஒரு தப்பு. மறுபடி சரி.

இரண்டு பேர்.

அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

4.12. இரண்டாவது வரி நின்றது. பாதிச் சுரத்தில்... வெட்டினாற்போல.

முதல் வரியும் நின்றது.

மூச்சு விடும் நேரம்... இன்னும் கொஞ்சம்...

பிறகு முதல் வரி மட்டும் தனியாகத் தொடர்ந்தது. கடைசி வரை வாசித்து முடித்தது.

சிவப்புப் புள்ளி அணைந்தது.

அத்தான் முதலில் செய்த காரியம், அதை மூன்று இடத்தில் காப்பி எடுத்ததுதான்.

ஏழு மணிக்கு அந்த அம்மாவின் மகன் பேசினான். "பயமுறுத்திட்டாங்க சார். ஆபரேஷன் நடக்கும்போதே இதயம் நின்னுடுச்சாம். நாலு பத்துலேர்ந்து ரெண்டு நிமிஷம். அப்புறம் தானா வந்துடுச்சுன்னு டாக்டரே ஆச்சரியப்படறார். இப்போ நல்லாத்தான் இருக்காங்க."

அத்தான் ஃபோனை வைத்துவிட்டு, இரண்டாவது வரி எவ்வளவு நேரம் ஓடியது என்று ஃபைலைத் திறந்து பார்த்தார்.

பத்து நாள் கழித்துக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். நானும் கூடப் போனேன். அத்தான் தன் தப்பு, பொய், எல்லாவற்றையும் சொல்லி அழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை.

"போடுங்க, கேக்கலாம்," என்றார்.

போட்டோம். கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவது வரி வந்ததும் போர்வை மேல் அவர் விரல்கள் அசைந்தன. அந்தத் தப்பு வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார்.

"இது நான்."

"இது ஃப்ளாப்பியில இல்லையேம்மா," என்றார் அத்தான்.

"எப்படி இருக்கும்? பக்கத்துல உக்காந்து சும்மா வாசிப்பேன். ஒரு நாள்கூடப் பதிவு பண்ண விட்டதில்ல."

இரண்டாவது வரி வெட்டுப்பட்டு நின்றது. அந்த அம்மாவின் விரல்களும் நின்றன. அத்தான்தான் கேட்டார்.

"இங்க ஏம்மா நிறுத்திட்டீங்க?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"நான் நிறுத்தல தம்பி. எனக்கு எழுந்து வர மனசே இல்ல. அவர்தான் என் கையைப் பிடிச்சு எடுத்து விட்டார்."