அண்ணையும் பெட்டி கட்டினார்

2009 கோடையில், தென் லண்டன் மிச்சம் பகுதியில் நாங்கள் எட்டு ஆண்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த வீட்டை முதலில் வாடகைக்கு எடுத்தவர் எல்லோருக்கும் மூத்த அண்ணை. சமையல் முறை, குளியல் முறை எல்லாம் அவர் சொன்னபடிதான். ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் முறையிட்டதும், அண்ணை லூயிஷாமில் இன்னொரு வீடு பார்த்தார். சின்ன வீடு, சுவரெல்லாம் ஈரம். யார் போவது? ஊரில் யுத்தம் முடிந்திருந்த அந்த மாதங்களில் ஒருவருக்கும் சண்டை பிடிக்கத் தெம்பில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். கனடாப் புல்வெளிகளில் சொத்தைப் பொதுவில் வைத்து வாழும் ஹட்டரைட் கிறிஸ்தவர்களைப் பற்றி அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். குடியிருப்பில் ஆட்கள் பெருகினால் அவர்கள் புது நிலம் வாங்கி இரண்டாகப் பிரிவார்கள். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு போதகர் தலைவர். எந்தப் பாதி போகும் என்று தெரியாமலே எல்லோரும் மூட்டை கட்டுவார்கள். அதன் பிறகுதான் திருவுளச்சீட்டு. சாப்பிடும்போது இதைச் சொன்னேன்.

"கோயிலிலை பூக்கட்டிப் பாக்கிற மாதிரித்தானே," என்றார் அண்ணை. "செய்வம்."

நான்கு நான்கு பேராய்ப் பிரிந்தோம். எங்கள் பாதிக்கு அண்ணை தலைவர். மற்றதற்குப் பேக்கரியில் வேலை செய்தவர். ஞாயிறு மதியம் கூடத்தில் ஏழு பேருடைய பெட்டிகள் நின்றன.

"அண்ணை, உங்கட பெட்டி?" என்றார் பேக்கரிக்காரர்.

"எனக்கென்னத்துக்கு? வீடெடுத்தவன் நான்."

சிரித்தபடிதான் சொன்னார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர் குனிந்து தன் பெட்டியின் பட்டியை அவிழ்க்கத் தொடங்கினார். "அப்ப நானும் போகேல்லை."

எல்லாம் குலையப்போகிறது என்று தெரிந்தது. "அந்தக் கனடா ஆக்களிலை தலைவரும் கட்டுவாரண்ணை," என்றேன். "அவர் கட்டாட்டி மற்ற ஆக்கள் ஏன் கட்டவேணும்?"

அண்ணை என்னையே பார்த்தார். "நல்லாய்த்தான் படிச்சிருக்கிறாய், புரொபெசர்," என்றுவிட்டு மாடியேறினார். வெகுநேரம் கழித்துப் பெட்டியோடு இறங்கினார். பிறகு சமையலறைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தையும் கழற்றி வந்து பெட்டிக்குள் வைத்தார்.

சாமித்தட்டில் இரண்டு பொட்டலங்கள், ஒன்றில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளை. சிவப்புப் பூ எடுக்கிற பாதி போகவேண்டும். அண்ணையே எடுத்தார். சிவப்பு.

"நீங்கள் நில்லுங்கோ அண்ணை, நாங்கள் போறம்," என்றார் பேக்கரிக்காரர்.

"உனக்கென்ன விசரே? கட்டின பெட்டியை ஆர் அவிழ்க்கிறது?"

இரவல் வாங்கிய வான் வண்டியில் புறப்பட்டோம். "இவன்ரை படிப்பாலை எங்களுக்குக் கிடைச்சது லூயிஷாம்!" என்று என் பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்தான். முன் சீட்டில் அண்ணை, மடியில் சோற்றுப் பானையோடு இருந்தார். திரும்பாமலே கேட்டார்:

"தம்பி, அந்த ஆக்கள் புது இடத்திலை முதல் என்ன செய்வினம்?"

அந்த இடம்வரை நான் படித்திருக்கவில்லை. "தெரியாதண்ணை."

"சரி. நாங்கள் சோறு காய்ச்சுவம்."