விருதுநகர் மேலே பறந்தபோது

அந்த விமானம் சரியான சண்டி மாடு. இரண்டு காற்றாடி, வானத்தைப் பார்த்த மூக்கு, தரையில் உட்கார்ந்த வால். உலகப்போர்க் காலத்து வண்டி. சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மூன்று நாள் காத்திருந்து இறக்கி, சி.டி.யில் எழுதி வாங்கி வந்திருந்தேன். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். எம். புதுப்பட்டியில் வாடகை வீடு. அச்சகங்களுக்குப் பட்டாசு லேபிள் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அதற்காக வாங்கிய கம்ப்யூட்டரில் நிஜம் போலவே இருக்கும் விளையாட்டு விமானம் ஓட்டுவது என் கிறுக்கு. என் மனைவி ஊருக்கு வெளியே இருந்த பட்டாசு ஆபீஸில் சரம் பின்னினாள். ஆலையை ஆபீஸ் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம்.

அன்று சனிக்கிழமை, சீசன் நேரம். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு புறப்படும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இன்னைக்கும் ஏரோப்ளேன்தானா? அந்த லேபிளை முடிச்சுக் குடுத்துட்டு என்னமும் பண்ணுங்க" என்றாள். பெரிய உத்தமன் போலத் தலையாட்டிவிட்டு, அவள் தெரு முனை திரும்புவதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போய்விடும். அதற்குள் மதுரையில் ஏறி, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு விருதுநகர் வரை வந்து, திரும்பிப் போய் மதுரையிலேயே இறங்க வேண்டும். முந்தின நாலு நாளும் ஓடுபாதையிலேயே கவிழ்த்திருந்தேன். அந்த ஆத்திரம் வேறு.

புது விமானங்கள் விசையைத் தட்டினால் கிளம்பிவிடும். இதற்கு ஒவ்வோர் இஞ்சினையும் கெஞ்ச வேண்டும். இருமும், புகை கக்கும், அணைந்துபோகும். காற்றும் பெட்ரோலும் சேரும் அளவை ஒரு சின்ன நெம்புகோலால் நாமே பார்த்து வைக்க வேண்டும். கலவை தப்பினால் இஞ்சின் 'டப்' என்று வெடிக்கும். கலவை தப்பினால் வெடிக்கும் என்பதை எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எனக்குத் தப்பிக்கொண்டேதான் இருந்தது. காதை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதினைந்து தடவையாவது 'டப்' கேட்டிருப்பேன்.

ஐந்தாவது முயற்சியில் ஏறிவிட்டது. மூக்கு இடப்பக்கம் இழுத்தது, வலக்கால் பெடலை மிதித்து நேராக்கினேன். உள்ளங்கை வேர்த்து ஜாய்ஸ்டிக் வழுக்கியது. கீழே திருமங்கலம், கள்ளிக்குடி என்று நானாக நினைத்துக்கொண்ட பழுப்புத் தரை. இரண்டு தண்டவாளங்கள் பிரியும் இடம் வந்ததும், இதுதான் விருதுநகர் என்று முடிவு செய்து திருப்பினேன்.

அப்போதுதான் அது கேட்டது. 'டம்'. மற்றவற்றைவிடக் கனமாக. மேசை அதிர்ந்தது, மானிட்டர் ஒரு கணம் நடுங்கியது. வலது இஞ்சின்தான் என்று நினைத்து நெம்புகோலைக் கொஞ்சம் தள்ளினேன். இந்த விமானத்தைச் செய்தவனை மனதாரப் பாராட்டினேன். அசல் மாதிரியே இருக்கிறதே என்று வாய்விட்டே சொன்னேன். அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகும் கால் மணி நேரம் பறந்தேன். மதுரையில் இறங்கினேன். இரண்டு முறை துள்ளி, வாலைத் தரையில் வைத்து, கவிழாமல் நின்றது. கையைத் தூக்கிக் கத்திவிட்டு, ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினேன்.

தெருவில் சத்தமே இல்லை. எதிர்வீட்டு டி.வி. மட்டும் யாரும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. வயர் பிடுங்கிக்கொண்டு கூடவே வந்தது தெரியாமல் வாசலுக்கு வந்தேன். தெருக்குழாயில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீரை எங்கள் தெருவில் ஒருவரும் அப்படி விட்டுவிட்டுப் போக மாட்டார்கள், ஒரே ஒரு காரியத்துக்காகத் தவிர.

எங்கள் பக்கம் சத்தம் என்றால் அதற்கு ஒரே பொருள்தான், ஏதோ ஓர் ஆபீஸில் வெடித்துவிட்டது என்று. சத்தம் கேட்டால், அடுப்பில் எது கொதித்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஆபீஸ் வாசலுக்கு ஓட வேண்டும். உள்ளே விடமாட்டார்கள். ஆனால் வெளியே வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். போகாதவனை ஊர் மறக்காது.

மொபெட்டை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. கண்மாய்க் கரை திரும்பியதும் புகை தெரிந்தது. அவள் ஆபீஸ் பக்கம்தான். சரம் பின்னும் அறைக்கும் வெடிமருந்து கலக்கும் அறைக்கும் எத்தனை அடி இருக்கும் என்று அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் இருக்க வேண்டும், இருந்தால் போதும் என்று இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

வாசலில் கூட்டம் பாதி கலைந்திருந்தது. மருந்து அறையில் இருந்த இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதில் ஒருவர் பிழைக்கவில்லை என்று மறுநாள் தெரிந்தது. மற்ற பெண்களை அவரவர் வீட்டு ஆட்கள் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். கையெல்லாம் சாம்பல் நிற மருந்து. வீட்டிலிருந்து வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கழுத்தைப் பார்த்தாள். ஹெட்போன் அங்கேயே தொங்கியது, வயர் இடுப்பு வரை ஆடியது. சட்டென்று அதைக் கழற்றித் தூக்குவாளிப் பைக்குள் திணித்தாள்.

அவளோடு சரம் பின்னும் அக்கா ஒருவர் அதற்குள் வந்துவிட்டார். "ஏன் தம்பி, அம்புட்டுப் பேருக்கும் ஆளு வந்தாச்சு. இந்தப் புள்ள எம்புட்டு நேரமா ஒத்தையா நிக்குது. நீ எங்கன போயிருந்த?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அவுக ஊர்ல இல்லக்கா. லேபிள் ஆர்டர் விசயமா விருதுநகர் போயிருந்தாக. கேள்விப்பட்டு இப்பத்தான் ஓடியாராக."

வண்டியில் பின்னால் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள். கண்மாய்க் கரை வந்ததும், "சத்தம் கேட்டுச்சா, கேக்கலையா?" என்றாள்.

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. "கேட்டுச்சு. ஏரோப்ளேன்னு நெனச்சேன்" என்றேன்.

தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வீடு வரும் வரை பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சில நாள் கழித்து ஆபீஸ் திறந்தது. காலையில் தூக்குவாளியோடு வாசல் வரை போனவள் நின்றாள். "ஏரோப்ளேன் ஓட்டுங்க, வேணாங்கல. அதை மட்டும் காதுல மாட்டாதீக. எனக்கு ஆளு வரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஊர் இன்று வரை நான் அன்று விருதுநகரில் இருந்ததாகவே நம்புகிறது. அவளும் அதை மாற்றிச் சொன்னதில்லை. விமானம் ஓட்டுவதை நான் விடவில்லை. ஆனால் அவள் வேலைக்குப் போன நாட்களில் என் விமானங்கள் எல்லாம் சத்தமே இல்லாமல்தான் பறந்தன.