ஒன்பதாம் இலக்கத்துக்கு வாய்க்கரிசி

லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றுக் காட்சியகத்தில் விளக்க அட்டைகள் தட்டச்சு செய்வது என் வேலை. போன வருடம் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிக் கண்காட்சி வைத்தார்கள். பாதிரியாரின் மகன், இளம் வயதிலேயே பேராசிரியர். காதுக்குள் இருக்கும் சின்ன எலும்புகளைப் பற்றி அவர் எழுதியது இன்றைக்கும் சரியாம். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. அவருடைய வாழ்க்கையை எட்டு அட்டைகளில் நானே அடித்தேன். கடைசி அட்டை அவருடைய இறுதி ஊர்வலம். மாணவர்கள் தீப்பந்தம் பிடித்து நடந்தார்களாம்.

அட்டைகளுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் மண்டையோடுகள். கப்பல் வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி அவர் வரவழைத்தவை. ஒன்பதாவதின் நெற்றியில் கறுப்பு மையில் அவர் கையெழுத்து: தமிழன், யாழ்ப்பாணம். பக்கத்தில் அளவுகள். பெயர் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் யாழ்ப்பாணம்தான்; எங்கள் ஆட்களை எரிப்பதுதான் வழக்கம். தலை இங்கே இருக்கிறதென்றால் அந்த மனிதருக்கு யாரும் கொள்ளி வைக்கவில்லை, வாய்க்கரிசியும் போடவில்லை. இதற்கு ஓர் அட்டை வைப்போம் என்று கேட்டேன். மேலாளர் நல்ல மனிதர், தேநீர் போட்டால் எனக்கும் சேர்த்துப் போடுவார். கண்காட்சி பேராசிரியரைப் பற்றியது, இடமில்லை என்றார். பேராசிரியரின் மூக்குக்கண்ணாடிக்குத் தனி அட்டை இருந்தது.

காட்சியகத்துக்குள் உணவுப் பொருள் எதுவும் கொண்டுபோகக்கூடாது, பூச்சி வரும். மேசையில் வடை தின்றதற்கு எனக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்திருந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அன்றிரவு வீட்டில் அரிசியைத் துணியில் முடிந்துகொண்டிருந்தபோது என் கணவர் பார்த்துவிட்டார்.

"உரித்துக்காரர், சொந்தபந்தமெல்லே வாய்க்கரிசி போடோணும்? நீர் ஆர் அந்தாளுக்கு?"

"வேற ஆர் இஞ்ச இருக்கினம்?" என்றேன்.

காலையில் கதவு திறக்குமுன், அட்டை மாற்ற என்னிடம் தந்திருந்த சாவியால் பெட்டியைத் திறந்து மூன்று முறை போட்டேன். கீழ்த்தாடை இல்லாததால் அரிசி நிற்காமல் தட்டில் சிந்தியது. நான் கூட்டி அள்ளவில்லை. ஒளித்துச் செய்கிற காரியமா அது?

பத்து மணிக்கு மேலாளர் படிவத்தோடு வந்தார். கை தவறிக் கொட்டியது என்று எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் என் கை தவறவில்லையே. காரணம் என்ற கட்டத்தில், இறந்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்தேன் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். காட்சிப்பொருளுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று அடுத்த கட்டம் கேட்டது. ஊழியர், பார்வையாளர், ஆய்வாளர், ஒன்றில் அடையாளமிட வேண்டும்.

மூன்றையும் வெட்டினேன். காட்சிப்பொருள் என்பதையும் வெட்டினேன். பக்கத்தில் தமிழில், உரித்துக்காரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.