பூரணத்தின் பெயரில் நேசம்மாவின் முகம்

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் உதயகலாவின் மிளகாய் மில்லைத் தெரியாத ஆட்கள் இல்லை. வழி தெரியாதவன்கூடத் தும்மிக்கொண்டே வந்து சேர்ந்துவிடுவான். மிளகாயும் மல்லியும் கொண்டுவருகிற பெண்கள், அவள் வறுத்து அரைத்து முடிக்கும்வரை வாங்குப் பலகையில் இருக்கவேண்டும். இருந்தால் அவளுடைய வாய்க்குத் தப்ப முடியாது.

"நீங்கள் ஆரின்ரை பிள்ளை? தாய் எந்த ஊர்? தேப்பன் வழியிலை கொடிகாமத்துத் தொடர்பு ஒண்டு இருக்கெல்லோ?"

மில் இரையும், அதற்கு மேலால் இவள் கத்துவாள். தூள் சூட்டோடு பையில் விழுந்து முடிவதற்குள் வந்தவளின் பரம்பரை முழுவதும் இவள் கைக்கு வந்துவிடும்.

வெறும் விடுப்பு, ஊர்வம்பு கேட்கிற ஆசை என்று நினைக்கக்கூடாது. கொஞ்சம் விடுப்பும்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் கேட்டதெல்லாம் இணையத்தில் இருந்த குடும்ப மரத்துக்குப் போனது. மரத்துக்குச் சொந்தக்காரன் கனடாவில் இருக்கும் அவளுடைய மச்சான் ஜெயதீபன். அவன் அங்கிருந்து ஆட்களைச் சேர்த்தான், இவள் இங்கிருந்து சேர்த்தாள், இடையில் இன்னும் பலர் கைவைத்தார்கள். அதனால் செத்துப்போன ஒரே ஆள் இரண்டு தரம், மூன்று தரம் மரத்தில் முளைத்துக்கொண்டிருந்தார். அப்படி முளைத்தவர்களைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவதில் உதயகலாவை வெல்ல ஆளில்லை.

அதற்கு அவள் ஒரு சூட்சுமம் வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர் மிஷன் பள்ளிக்கூட விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். வீட்டில் வள்ளியம்மை, விடுதியில் மேரி. பேரப்பிள்ளைகளில் ஒருவன் வள்ளியம்மை என்று போடுவான், மற்றவன் மேரி என்று போடுவான். ஒரே கிழவி இரண்டு பெண்ணாக நிற்பாள்.

"தீபன், பேரைப் பாத்து ஏமாறாதை. புருசன் ஒண்டு, பிள்ளையள் ஒண்டு எண்டால் பொம்பிளையும் ஒண்டுதான்" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான். சொல்லிக் கொடுத்த வாயைப் பிறகு எத்தனை தரம் நொந்துகொண்டாள்!

அந்த மரத்தில் அவளுக்கு மற்ற எல்லாரையும்விடப் பெரிய ஆள் ஒருத்தி இருந்தாள்: நேசம்மா. உதயகலாவின் தாய் அருள்மலரைப் பெற்றவள். வட்டுக்கோட்டைப் பக்கம் தாதியாக வேலை செய்த கிறிஸ்தவப் பெண். அச்சுவேலி நமசிவாயம் அவளை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்தார். பிள்ளை தவழத் தொடங்குமுன், "வேதக்காரியோடை இருக்கிறதெண்டால் உனக்குக் காணியும் இல்லை, வீடும் இல்லை" என்று தாய் தகப்பன் சொல்லி அனுப்ப, மனுசன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். அங்கே பூரணத்துக்குத் தாலி கட்டினார். வரிசையாக ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். அதில் மூத்தவருடைய மகன்தான் ஜெயதீபன்.

அருள்மலர் வளர்ந்து, அச்சுவேலிக்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள். தகப்பன் வீதியில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். அவர் செத்த அன்று மனம் கேட்காமல் செத்தவீட்டு வாசலுக்குப் போனாள். பூரணம் வந்து கேற்றைச் சாத்தினாள். "இஞ்சை உனக்கு ஒருத்தரும் இல்லை, போ" என்றாள். வானொலியில் மரண அறிவித்தல் போனபோது பிள்ளைகளின் பெயர்களுக்குள் அருள்மலரின் பெயர் வரவில்லை. அந்தக் கேற்றைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அந்த மனுசி கண்ணை மூடியது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் ஒருநாள் ஜெயதீபன் போன் எடுத்து "மச்சாள்" என்று கூப்பிட்டான். அந்த வீட்டு ஆள் ஒருவர் முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். உதயகலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் கேட்டதெல்லாம் கொடுத்தாள். தாய் சீலைக்குள் பொத்தி வைத்திருந்த நேசம்மாவின் ஒரே படத்தையும் கொடுத்தாள்: ஒற்றைப் பின்னலை முன்னால் விட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற படம். மரத்தில் நமசிவாயத்துக்குப் பக்கத்தில் நேசம்மா, பூரணம் என்று இரண்டு பெண்கள் நின்றார்கள். நேசம்மாவுக்குக் கீழே அருள்மலர், அவளுக்குக் கீழே உதயகலா. அன்று மில்லுக்கு வந்த ஒருவரையும் விடவில்லை, போனைக் காட்டினாள். "பாத்தியளே, எங்கடை அம்மம்மா."

இந்த ஆடியில் வெளிநாட்டுச் சனம் ஊரில் வந்து குவிந்தபோது ஜெயதீபனும் வந்து இறங்கினான். குடும்ப ஒன்றுகூடல் ஒன்று வைக்கப்போவதாகச் சொன்னான். மறுநாள் காலை, தாச்சியில் மிளகாய் வறுபடுகிற நேரத்தில் உதயகலா போனைத் திறந்து பார்த்தாள். நமசிவாயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்தான் நின்றாள். 'பூரணம் என்ற நேசம்மா.' அவளுக்குக் கீழே மூத்த பிள்ளை அருள்மலர். அதற்குப் பிறகு பூரணத்தின் ஆண்பிள்ளைகள்.

மிளகாய் கருகிப் புகைந்து, வாங்கில் இருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"தீபன், ஆரோ பிழையா ஒண்டாக்கிப் போட்டினம்" என்று போனில் சொன்னாள். வேறு யாரோ செய்ததென்றே நம்பினாள், பாவி மனுசி.

"பிழை இல்லை மச்சாள், நான்தான் செய்தனான்." குரலில் ஒரு கூச்சம் இல்லை. "எங்கடை மகள் நிரோஜினிக்குச் சம்பந்தம் பேசுறம். மாப்பிள்ளை வீட்டார் மரத்தைக் கிண்டிக் கிண்டிப் பாக்கினம். அப்பப்பா பெண்சாதியையும் பிள்ளையையும் விட்டிட்டு வந்தவர் எண்டு தெரிஞ்சால் என்ன நினைப்பினம்? பேர் ரெண்டு, பொம்பிளை ஒண்டு. நீங்கள் சொல்லித் தந்ததுதானே? ஆரும் சந்தேகப்படமாட்டினம்."

"அப்ப என்ரை அம்மம்மா?"

"யோசிச்சுப் பாருங்கோ, உங்களுக்கும் நல்லதுதானே. இனி உங்களை ஆரும் வெளி ஆள் எண்டு சொல்லேலாது. மூத்த பேத்தி நீங்கள்தான். ஒன்றுகூடலிலை குத்துவிளக்கும் நீங்கள்தான் கொளுத்திறியள்."

ஊருக்கெல்லாம் மிளகாய் அரைத்துக் கொடுத்தவளின் தலையிலேயே மிளகாய் அரைத்துவிட்டான்! அதுவும் அவளுடைய அம்மியிலேயே. அவசரமாக மரத்துக்குள் போய் இருவரையும் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பார்க்க மட்டுந்தான் உனக்கு அனுமதி என்றது போன். மச்சாள், மச்சாள் என்று தேன் ஒழுகக் கதைத்ததெல்லாம் இதற்குத்தானா? தாயை யாருடைய வயிற்றில் பிறந்தவளாக எழுதி வைத்திருக்கிறான்? கேற்றைச் சாத்தினவளின் வயிற்றில்!

மகன் லோஜனிடம் சொல்லி அழுதாள். "விடுங்கோம்மா, சேத்தவைதானே, தள்ளிவைக்கேல்லையே" என்றான் அவன். பெற்ற பிள்ளைக்கும் விளங்கவில்லை.

ஒன்றுகூடலுக்குப் போவதில்லை என்றுதான் இருந்தாள். பிறகு, முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவோம் என்று சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். மண்டப வாசலிலேயே கால் நின்றுவிட்டது. மேடையை அடைத்து ஒரு பெரிய பனர். ஒரு பக்கம் நமசிவாயம். அவருக்குப் பக்கத்தில் ஒற்றைப் பின்னலும் அடக்கிய சிரிப்புமாக நேசம்மா. கீழே கொட்டை எழுத்தில் 'பூரணம்'. 'என்ற நேசம்மா' என்ற ஒட்டும் போய்விட்டிருந்தது.

"பூரணம் ஆச்சி என்ன வடிவு!" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி வியந்துகொண்டிருந்தாள்.

உதயகலா ஜெயதீபனைத் தேடிப் பிடிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு சத்தம் எழும்பியது. தம்பிஐயா, பூரணத்தின் கடைசி மகன், அந்தப் பிள்ளைகளில் உயிரோடு மிஞ்சியிருக்கிறவர், பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பி நின்றார்.

"டேய் தீபன், ஆரடா இது? எங்கடை அம்மா எங்கையடா?"

"இதுதான் சித்தப்பா, அப்பம்மா இளமையிலை..."

"என்ரை தாயை எனக்கோ காட்டித் தாறாய்? இது ஆரோ பெட்டை!"

ஜெயதீபன் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்தான். "சித்தப்பாவுக்கு இப்ப கொஞ்சம் மறதி." அப்போதுதான் வாசலில் நின்ற உதயகலாவைக் கண்டான். "அந்தா, எங்கடை பெரிய மச்சாள் நிக்கிறா. மரமே அவவின்ரை கையிலைதான் வளர்ந்தது. மச்சாள், நீங்கள் சொல்லுங்கோ, இது பூரணம் அப்பம்மாதானே?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். விளக்கு அவள் கையில், முன்வரிசைக் கதிரை அவளுக்கு. இனி அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவளுக்கு அழைப்பு வரும். சாத்தின கேற்றுக்கு முன்னால் தாய் நின்று அழுதது இந்தச் சொந்தத்துக்காகத்தானே? மேடையில் நேசம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"இல்லை" என்றாள் உதயகலா. மில்லுக்கு மேலால் கத்திப் பழகிய குரல், கடைசி வரிசைக்கும் கேட்டது. "இது நேசம்மா. என்ரை அம்மாவைப் பெத்தவ. உங்கடை அப்பப்பா கட்டி, கைப்பிள்ளையோடை விட்டிட்டு வந்த மனுசி. மாமா சொல்லுறது சரி. இது அவரின்ரை தாய் இல்லை."

மாமா என்றுவிட்டுத் தம்பிஐயாவைப் பார்த்தாள். அவராவது தன் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் இவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜெயதீபனைப் பார்த்து, "அந்த வேதக்காரியை ஏனடா இஞ்சை கொண்டந்தனி? மறையுங்கோ படத்தை" என்றுவிட்டுக் கதிரையில் இருந்தார்.

இரண்டு பெடியள் மேடையில் ஏறி, நேசம்மாவின் முகத்துக்கு மேல் வெள்ளைத் தாளை ஒட்டினார்கள். விளக்கை வேறு யாரோ கொளுத்தினார்கள். உதயகலா பச்சைத் தண்ணியும் குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விடிந்ததும் போனைப் பார்த்தாள். மரத்தில் நமசிவாயம், பூரணம், ஆண்பிள்ளைகள். நேசம்மா இல்லை. அருள்மலர் இல்லை. உதயகலாவும் இல்லை. 'நீங்கள் கேட்டபடி பிரிச்சாச்சு மச்சாள்' என்று ஜெயதீபனிடமிருந்து ஒரு தகவல் வந்து கிடந்தது. அவனுக்குப் போன் எடுத்தாள், அவன் எடுக்கவில்லை.

ஆற்றாமை தாங்காமல் மில்லைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுது முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, அதே போனில் புதிய மரம் ஒன்று தொடங்கினாள். முதல் பெயர் நேசம்மா. படத்தைப் போட்டாள். கீழே அருள்மலர். தகப்பன் யார் என்று கேட்டது. எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அவள் மரத்தில் பொய் எழுதியதில்லை. நமசிவாயம், அச்சுவேலி என்று தொடங்கி, பிறந்தநாள், தாய் தகப்பன் பெயர் வரை உள்ளபடி எழுதினாள். உடனே திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இன்னொரு மரத்திலும் இவர் இருக்கிறார். இருவரும் ஒரே ஆளா? ஒன்றாக்கவா?

அதே ஊர், அதே பிறந்தநாள், அதே தாய் தகப்பன். இதைவிட நிச்சயமான ஒன்றை அவள் ஒன்றாக்கியதே இல்லை. விரல் திரைக்கு மேலே நின்றது.

அந்த நேரம் பார்த்து ஒருத்தி மிளகாய்ப் பையோடு வந்து வாங்கில் இருந்தாள். "என்னக்கா, விடியக் காலமையே போனோடை?"

"ஒண்டுமில்லை, பிள்ளை. ஒரு கேற் சாத்தவேண்டிக் கிடந்தது" என்றாள் உதயகலா. 'இல்லை, வேறு ஆள்' என்பதை அழுத்திவிட்டு, மிளகாய்ப் பைக்குக் கையை நீட்டினாள்.