ரோமில் ஒரு சலவைக் கடை

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம் இது நடந்தது. அப்போது நாங்கள் நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில் குடியிருந்தோம். நான் ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்த்தேன். என் மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். என் தங்கை கல்யாணத்துக்காக மூன்று வாரம் திருச்சிக்குப் போயிருந்தோம். பந்தியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பது வரை பாதி வேலை என் மனைவியின் தலையில்தான் விழுந்தது.

திரும்பும் வழியில் இரண்டு நாள் ரோமைப் பார்ப்பது என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். மெட்ராஸ் ஏர்போர்ட்டிலேயே அவள், "நேரா வீட்டுக்குப் போயிடலாங்க. ரொம்ப டயர்டா இருக்கு" என்றாள்.

"விசா எல்லாம் வாங்கியாச்சு. திரும்ப எப்போ வரப்போறோம்? பிளேன்ல தூங்கிக்கோ" என்று நான் முடித்துவிட்டேன்.

அவளுக்கு ரோமில் ஒரே ஒரு ஆசைதான். போப்பாண்டவரின் பெரிய கோயிலில் முழந்தாளிட்டு ஜெபம் செய்ய வேண்டும். முதல் நாள் காலை அங்கே போனோம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, "போதும் வா, இன்னும் நிறைய இருக்கு" என்று எழுப்பிவிட்டேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். அதைப் பார்த்தேன், ஆனால் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு நடை, நடை, நடைதான். கருங்கல் பாவிய தெருக்கள், திருச்சி வெயிலுக்குக் குறையாத வெயில். நடுப்பகலில் ஒரு சின்ன தேவாலயத்தின் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

"அரை மணி நேரத்துல வந்துடறேன். எங்கயும் நகராதே" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த பழைய இடிபாடுகளைப் பார்க்கப் போனேன். உள்ளே போகவே பெரிய வரிசை. போனபின் ஒவ்வொரு தூணாக நின்று படம் எடுத்தேன். திரும்பி வரும்போது ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. படி காலியாக இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. கோயிலுக்குள் பார்த்தேன், இல்லை. சுற்றியிருந்த சந்துகளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஓடும்போதுதான் தோளில் தொங்கிய பை உறைத்தது. அவளுடைய பாஸ்போர்ட், பணம், ஹோட்டல் விலாசம் எல்லாம் என் பையில். அவள் கையில் ஒரு கைக்குட்டை மட்டும்தான். ஹோட்டல் பெயரைக்கூட நான் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரு போலீஸ்காரரைப் பிடித்தேன். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது. உடம்பு சரியில்லாதவரா என்று கேட்டார். "இல்லை, நல்ல ஆரோக்கியம்" என்று உறுதியாகச் சொன்னேன். அந்தப் படியருகிலேயே போய் நில்லுங்கள், நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினார்.

திரும்பி வந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சாரியிலிருந்து யாரோ கை தட்டிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். ஓடிப் போனேன். அது ஒரு சலவைக் கடை. உள்ளே, துவைத்து அடுக்கிய போர்வைகளின் மேல் என் மனைவி படுத்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த தண்ணீர்.

அந்த அம்மா ஒரு தெர்மாமீட்டரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது, நம் ஊர்க் கணக்கில் நூற்றிநாலுக்கு மேல். பிறகு படியையும் என்னையும் காட்டி ஏதோ கோபமாகச் சொன்னார். நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் வாசலுக்கு வந்து படியைப் பார்த்திருக்கிறார் என்று மனைவி பிறகு சொன்னாள். நான்தான் அங்கே இல்லாமல் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தேன்.

"வெயில் படிக்கு வந்துடுச்சு. நிழலுக்குப் போகலாம்னு எழுந்தேன், கண்ணு இருட்டிடுச்சு. இவங்கதான் புடிச்சுத் தூக்கினாங்க" என்றாள் மனைவி.

"ஜுரம்னு ஏன் சொல்லல?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "சொன்னேனே. பிளேன்ல சொன்னேன். காலையில ஹோட்டல்லயும் சொன்னேன். நீங்க ம்ம்னு சொன்னீங்க."

எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. பொய் சொல்லத் தெரியாதவள் அவள்.

அந்த அம்மாவே டாக்சி பிடித்து, அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். நன்றி என்று அவர் மொழியில் சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாக அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஹோட்டலுக்கு வந்த டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, எங்கும் அசையக்கூடாது என்றார். மறுநாள் முழுக்கத் திரையை இழுத்துவிட்டு, துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஜுரம் சற்று இறங்கியதும் கிளம்பினோம். நியூஜெர்சி வந்ததும் நேரே ஆஸ்பத்திரி. மலேரியா. எட்டு நாள் படுத்திருந்தாள். "இன்னும் ரெண்டு நாள் அலைஞ்சிருந்தா காப்பாத்தறது கஷ்டம்" என்று அங்கிருந்த தமிழ் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

அந்த அனுபவத்தோடு நான் அடியோடு திருந்திவிட்டேன் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். இப்போதும் பாதிப் பேச்சு என் காதில் விழுவதில்லை. ஆனால் சமையலறையிலிருந்து அவள் மெல்ல, "கொஞ்சம் அசதியா இருக்குங்க" என்று சொன்னால் மட்டும், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.