குதிரை போலப் பாய்ந்த ராஜா

காலையில் முதல் வேலையாக, இருப்பதில் நல்ல புடவையைத் தேய்த்துக் கட்டினேன். புதுக்கோட்டை நகர மண்டபத்தில் இன்று சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம். எல்லோரும் என்னைத்தானே பார்ப்பார்கள்!

எதிரே ஆலங்குடி டீச்சர் மரகதம். என் வயதுதான். என் இரண்டு யானைகளையும் சீக்கிரமே வெட்டிவிட்டார்.

ஆட்டம் அவர் கையில் இருந்தபோது, தன் ராஜாவைத் தூக்கிக் குதிரை போலப் பாய வைத்தார்.

நடுவர் தடுத்தார். "இந்தப் போட்டியில அப்படிப் பாயக் கூடாதுங்க. ஆனா ராஜாவைத் தொட்டுட்டீங்க, அதைத்தான் நகர்த்தணும்."

வேறு கட்டத்துக்கு நகர்த்தினார். மாட்டிக்கொண்டார். நான் ஜெயித்தேன்.

"எங்க வீட்டுல ராஜா ஒரு தடவை பாய்வாருங்க. இங்கிட்டு வந்ததும் காலு ஒடிஞ்சு போச்சு!" என்றார் மரகதம்.

மண்டபமே சிரித்து அவரைச் சூழ்ந்துகொண்டது. முதலில் போனவர் என் கணவர்.

திரும்பும் பஸ்ஸில், "அந்தம்மா பிரமாதமா ஆடுனாங்கல்ல?" என்றார்.

"ஜெயிச்சது நானுங்க."

"ஆமா, ஆமா," என்றார், என் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டே.

ஜெயித்தவளுக்கு ஏன் பொறாமை என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறார்களா?

என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடிக்குப் போகிறேன். ராஜா பாயட்டும், மரகதத்தை அவர் வீட்டு விதிப்படியே ஆடித் தோற்கடிக்க வேண்டும்.